முதல் உலகப் போரின் தொடக்க ஆண்டுகள் (1914–1915)

முதல் உலகப் போரின் தொடக்க ஆண்டுகள் என்பது, ஜூலை 28, 1914 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவின் மீது போர் அறிவித்தது முதல் 1915ஆம் ஆண்டின் இறுதி வரையிலான காலப்பகுதியைக் குறிக்கும். இக்காலத்தில் பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யா ஆகியவற்றைத் தலைமையாகக் கொண்ட நேச நாடுகளும், ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ஒட்டோமான் பேரரசு, பின்னர் பல்கேரியா ஆகியவை அடங்கிய மைய நாடுகளும் ஐரோப்பா, மேற்கு ஆசியா, ஆப்பிரிக்கா, பெருங்கடல்கள் எனப் பல போர்முனைகளில் மோதின. எல்லாப் பெரிய வல்லரசுகளும் சில மாதங்களில் முடிந்துவிடும் போருக்கான திட்டங்களுடனேயே களத்தில் இறங்கின. 1914 டிசம்பருக்குள் அத்திட்டங்கள் அனைத்தும் தோல்வியுற்றன. ஒரு முனையில் கிடைக்காத முடிவை மற்றொரு முனையில் தேடும் முயற்சியாகவே 1915ஆம் ஆண்டின் போர் நடவடிக்கைகள் அமைந்தன.

பின்னணி

ஜூன் 28, 1914 அன்று பொஸ்னியாவின் தலைநகரான சாரயேவோவில், ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டும் அவருடைய மனைவி சோஃபியும் கவ்ரீலோ பிரின்சிப் என்ற 19 வயது பொஸ்னிய செர்பிய இளைஞனால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிகளுக்குச் செர்பியப் படைத்துறை அதிகாரிகள் சிலரின் உதவி கிடைத்திருந்தது. இதனைக் காரணமாகக் கொண்டு செர்பியாவைத் தண்டிக்க வியன்னா முடிவு செய்தது. ஜூலை தொடக்கத்தில் ஜெர்மனி தனது முழு ஆதரவை உறுதியளித்தது. ஜூலை 23 அன்று 48 மணிநேரக் கெடுவுடன் செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பப்பட்டது. செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றும், ஜூலை 28 அன்று போர் அறிவிக்கப்பட்டது.

இதன் பின்னர் நிகழ்ந்தவை மிக விரைவானவை. செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா ஜூலை 30 அன்று பொதுப் படைத்திரட்டலுக்கு ஆணையிட்டது. ஜெர்மனி ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யாவின் மீதும், ஆகஸ்ட் 3 அன்று பிரான்சின் மீதும் போர் அறிவித்தது. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படைகள் நடுநிலை நாடான பெல்ஜியத்துள் நுழைந்தன. பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை வழியாக உறுதியளித்திருந்த பிரித்தானியா அதே நாளில் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகியவற்றுடன் முத்தரப்புக் கூட்டணியில் இருந்த இத்தாலி, அக்கூட்டணி தற்காப்புக்கு மட்டுமே உரியது எனக் கூறி ஒதுங்கிக்கொண்டது. ஆகஸ்ட் 23 அன்று ஜப்பான் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது.

போருக்கான பொறுப்பு யாருடையது என்பது வரலாற்றாளர்களிடையே நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. 1960களில் ஜெர்மன் வரலாற்றாளர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் பெரும்பங்குப் பொறுப்பைத் தம் நாட்டின் மீதே சுமத்தினார். 2012இல் வெளிவந்த தமது நூலில் கிறிஸ்டோபர் கிளார்க், பல தலைநகரங்களின் தவறான கணிப்புகள் ஒன்றுசேர்ந்தே போரை உருவாக்கின என வாதிட்டார்.

போர்த் திட்டங்கள்

அக்காலப் படைகள் தொடருந்து வழியாகவே திரட்டப்பட்டன. இலட்சக்கணக்கான வீரர்களையும் குதிரைகளையும் பீரங்கிகளையும் எல்லைக்குக் கொண்டு சேர்க்க, ஒவ்வொரு நாடும் பல ஆண்டுகளாக நுணுக்கமான கால அட்டவணைகளைத் தயாரித்து வைத்திருந்தது. ஒருமுறை தொடங்கிய படைத்திரட்டலை இடையில் மாற்றுவது பெருங்குழப்பத்தை விளைவிக்கும் எனப் படைத்தலைவர்கள் கருதினர். ஆகஸ்ட் 1 அன்று, படைகளை முழுவதுமாகக் கிழக்கே திருப்ப முடியுமா எனப் பேரரசர் இரண்டாம் வில்லியம் கேட்டபோது, அது இயலாது என ஜெர்மன் படைத்துறைத் தலைவர் ஹெல்முத் ஃபொன் மோல்ட்கெ மறுத்தது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

ஜெர்மனிக்கு மேற்கே பிரான்சும் கிழக்கே ரஷ்யாவும் பகை நாடுகளாக இருந்தன. பரந்த நிலப்பரப்பும் குறைந்த தொடருந்துப் பாதைகளும் கொண்ட ரஷ்யா தனது படைகளை மெதுவாகவே திரட்டும் என ஜெர்மன் படைத் தலைமை எண்ணியது. ஆகவே முதலில் ஏறத்தாழ ஆறு வாரங்களில் பிரான்சைத் தோற்கடித்து, பின்னர் படைகளைக் கிழக்கே மாற்றுவது என்பது அதன் எண்ணமாக இருந்தது. பிரான்சின் கிழக்கு எல்லைக் கோட்டைகளைத் தவிர்க்க, பெல்ஜியத்தின் வழியே வடக்கிலிருந்து சுற்றி வளைக்கத் திட்டமிடப்பட்டது. இதன் மூலக்கருத்து, 1891 முதல் 1906 தொடக்கம் வரை படைத்துறைத் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஃபொன் ஷ்லீஃபெனின் பெயரால் ஷ்லீஃபென் திட்டம் என வழங்குகின்றது. ஆயினும் 1914இல் செயற்படுத்தப்பட்டது மோல்ட்கெயின் திட்டமே ஆகும். ஷ்லீஃபென் எழுதிவைத்தது உண்மையான போர்த் திட்டந்தானா என்பதே 1990களின் இறுதியிலிருந்து கேள்விக்குள்ளாக்கப்பட்டுள்ளது.

பிரான்சின் 17ஆம் திட்டம் படைகளை ஜெர்மன் எல்லையை ஒட்டித் திரட்டுவதற்கு வழிசெய்தது. 1871இல் இழந்த அல்சாசு-லொரைன் பகுதியிலும் ஆர்டென் காடுகளிலும் முன்னேறித் தாக்குவது பிரெஞ்சுத் தலைமைத் தளபதி ஜோசப் ஜோஃப்ரின் நோக்கமாக இருந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி, செர்பியாவையும் ரஷ்யாவையும் ஒரே வேளையில் எதிர்கொள்ள வேண்டியிருந்தும், இரண்டுக்கும் போதிய படையைக் கொண்டிருக்கவில்லை.

மேற்குப் போர்முனை, 1914

பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சூழ்ந்திருந்த கோட்டைகளே ஜெர்மன் படைகளின் முதல் தடையாக இருந்தன. 42 சென்டிமீட்டர் குழல் விட்டமுடைய குரூப் நிறுவனத்தின் பெரும் பீரங்கிகளைக் கொண்டு அவை ஆகஸ்ட் 16ஆம் நாளுக்குள் வீழ்த்தப்பட்டன. ஆகஸ்ட் 20 அன்று பிரசெல்ஸ் கைப்பற்றப்பட்டது. பொதுமக்கள் மறைந்திருந்து சுடுகின்றனர் என்ற அச்சம் ஜெர்மன் வீரர்களிடையே பரவியதால் பல ஊர்கள் எரியூட்டப்பட்டன. பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் 6,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 25 இரவு லூவென் பல்கலைக்கழக நூலகம் தீக்கிரையாக்கப்பட்டு, இலட்சக்கணக்கான நூல்களும் பழைய கையெழுத்துப் படிகளும் அழிந்தன.

இதே வேளையில் எல்லைப் பகுதிகளில் முன்னேறிய பிரெஞ்சுப் படைகள் இயந்திரத் துப்பாக்கிகளாலும் பீரங்கிகளாலும் பேரிழப்புக்கு உள்ளாயின. நீல மேலாடையும் சிவப்புக் காற்சட்டையும் அணிந்த வீரர்கள் திறந்தவெளியில் எளிதான இலக்குகளாயினர். ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தனர். பிரான்சின் படைத்துறை வரலாற்றில் மிகுந்த உயிரிழப்பு நேர்ந்த நாள் இதுவே. முதல் உலகப் போர் என்றதும் பதுங்குகுழிகளே நினைவுக்கு வருகின்றன. எனினும் பதுங்குகுழிகள் தோன்றுவதற்கு முந்தைய, படைகள் நகர்ந்துகொண்டிருந்த இந்த வாரங்களே பிரான்சுக்கு மிகக் கொடியவையாக இருந்தன என்பது கவனிக்கத் தக்கது. 1914ஆம் ஆண்டின் ஐந்து மாதங்களில் பிரான்ஸ் இழந்த வீரர்கள் சுமார் 3,00,000 பேர்.

பிரித்தானியா அனுப்பிய சிறிய படை ஆகஸ்ட் 23 அன்று பெல்ஜியத்தின் மொன்ஸ் நகரருகே ஜெர்மன் முதலாம் படையை எதிர்கொண்டு, பின்னர் பிரெஞ்சுப் படைகளுடன் சேர்ந்து பாரிசை நோக்கிப் பின்வாங்கியது. செப்டம்பர் 2 அன்று பிரெஞ்சு அரசாங்கம் பாரிசை விட்டு பொர்தோ நகருக்கு இடம்பெயர்ந்தது.

மார்ன் சண்டை

செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மன் படைகள் பாரிசுக்கு அருகில் வந்துவிட்டன. எனினும் அவற்றின் வலிமை குன்றியிருந்தது. வீரர்கள் ஒரு மாதமாக நாளொன்றுக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வரை நடந்து களைத்திருந்தனர். பெல்ஜியர்கள் தொடருந்துப் பாதைகளையும் பாலங்களையும் தகர்த்திருந்ததால் உணவும் குண்டுகளும் பின்தங்கின. பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் நகரையும் பிரான்சின் மொபேழ் கோட்டையையும் முற்றுகையிடப் படைகள் விட்டுச்செல்லப்பட்டிருந்தன. கிழக்கே ரஷ்யர்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாக எல்லையைக் கடந்துவிட்டதால், வலப்புற அணியிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளை மோல்ட்கெ கிழக்குப் பிரஷ்யாவுக்கு அனுப்பியிருந்தார். அவை அங்கு சென்று சேர்வதற்குள் அங்கு நடந்த பெருஞ்சண்டை முடிந்துவிட்டது. இரு முனைகளிலும் தேவைப்பட்ட அந்த வீரர்கள் இரு முனைகளுக்கும் உதவாமல் தொடருந்துகளில் பயணம் செய்துகொண்டிருந்தனர்.

முதலாம் படையின் தளபதி அலெக்சாண்டர் ஃபொன் குளூக், பாரிசின் மேற்குப் புறமாகச் சுற்றிச் செல்வதைக் கைவிட்டுத் தலைநகரின் கிழக்கே திரும்பினார். இதனால் அவருடைய வலப்பக்கம் பாரிசில் இருந்த பிரெஞ்சுப் படைகளுக்குத் திறந்து கிடந்தது. வானூர்திகள் வழியே இத்திருப்பம் கண்டறியப்பட்டது. பாரிசின் படைத்துறை ஆளுநர் ஜோசப் கல்லியெனியின் தூண்டுதலோடு ஜோஃப்ர் எதிர்த்தாக்குதலுக்கு ஆணையிட்டார். தம் வலப்பக்கத்தைக் காக்கக் குளூக் படைகளை மேற்கே நகர்த்தியபோது, அவருக்கும் அடுத்திருந்த பியூலோவின் இரண்டாம் படைக்கும் இடையே அகன்ற இடைவெளி தோன்றியது. அதனுள் பிரித்தானியப் படைகளும் பிரெஞ்சு ஐந்தாம் படையும் நுழைந்தன. செப்டம்பர் 9 அன்று ஜெர்மன் படைகள் பின்வாங்கத் தொடங்கி, ஏன் ஆற்றின் வடகரை மேடுகளில் நிலைகொண்டன.

பாரிசின் வாடகைக் கார்கள் வீரர்களைப் போர்முனைக்கு ஏற்றிச்சென்று நகரைக் காப்பாற்றின என்ற கதை புகழ்பெற்றது. சுமார் 600 கார்கள் சில ஆயிரம் வீரர்களை ஏற்றிச்சென்றது உண்மை. ஆனால் இச்சண்டையில் இரு தரப்பிலுமாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். சண்டையின் முடிவைத் தீர்மானித்தது, ஜோஃப்ர் கிழக்கு எல்லையிலிருந்து தொடருந்து வழியாகப் படைகளை இடம் மாற்றியதே எனலாம்.

மோல்ட்கெ பதவியிலிருந்து நீக்கப்பட்டு, எரிக் ஃபொன் ஃபால்கன்ஹைன் அவரிடத்தில் அமர்த்தப்பட்டார். பின்னர் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் வடக்குப் பக்கமாகச் சுற்றி வளைக்க முயன்று, அக்டோபரில் வடகடலை அடைந்தனர். அக்டோபர் இறுதியில் பெல்ஜியர்கள் நியூபோர்ட் நகரின் மதகுகளைத் திறந்துவிட்டு இசர் ஆற்றுச் சமவெளியைக் கடல்நீரால் நிரப்பி ஜெர்மன் முன்னேற்றத்தைத் தடுத்தனர். நவம்பர் வரை நீடித்த முதலாம் ஈப்ர் சண்டையில் பிரித்தானியாவின் பழைய நிலையான படை பெரும்பாலும் அழிந்தது. ஆண்டு முடிவில் வடகடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதுங்குகுழிகளும் முட்கம்பி வேலிகளும் நீண்டிருந்தன. கிறிஸ்துமசு நாளில் இக்கோட்டின் சில பகுதிகளில் எதிரெதிர் வீரர்கள் சண்டையை நிறுத்தி, இடைப்பட்ட நிலத்தில் சந்தித்து, தத்தம் தரப்பில் இறந்தவர்களைப் புதைத்தனர். அடுத்த ஆண்டில் இவ்வாறு நிகழாதிருக்கப் படைத் தலைமைகள் கடும் ஆணைகளைப் பிறப்பித்தன.

கிழக்குப் போர்முனை, 1914

பிரான்சின் வேண்டுகோளை ஏற்று, படைத்திரட்டல் நிறைவடையும் முன்பே ரஷ்யா கிழக்குப் பிரஷ்யாவுள் இரு படைகளை அனுப்பியது. ஆகஸ்ட் 20 அன்று கும்பின்னென் என்ற இடத்தில் ரென்னன்காம்ப் தலைமையிலான ரஷ்ய முதலாம் படை ஜெர்மானியரைப் பின்னடையச் செய்தது. கலக்கமுற்ற ஜெர்மன் தளபதி பிரித்விட்ஸ் விஸ்டுலா ஆற்றுக்குப் பின்வாங்க எண்ணியதால் நீக்கப்பட்டார். ஓய்வுபெற்றிருந்த பவுல் ஃபொன் ஹின்டன்பேர்க் தலைமைத் தளபதியாகவும், எரிக் லூடன்டோர்ஃப் அவருடைய முதன்மை அலுவலராகவும் அனுப்பப்பட்டனர்.

ரஷ்யாவின் இரு படைகளுக்கும் இடையே மசூரிய ஏரிகள் இருந்தன. அவற்றுக்கிடையே ஒருங்கிணைப்பும் இல்லை. ரஷ்யர்கள் தம் ஆணைகளில் பலவற்றைக் குறியாக்கம் செய்யாமலே வானொலியில் அனுப்பியதால், அவை ஜெர்மானியரின் காதுகளுக்கும் எட்டின. ரென்னன்காம்ப் விரைந்து முன்னேறமாட்டார் என அறிந்த ஜெர்மானியர், தம் படைகளைத் தொடருந்து வழியே தெற்கே மாற்றி, சம்சோனொவ் தலைமையிலான இரண்டாம் படையைச் சுற்றி வளைத்தனர். ஆகஸ்ட் 26 முதல் 30 வரை நடந்த இச்சண்டை டன்னன்பேர்க் சண்டை எனப்படுகின்றது. 90,000க்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் சிறைப்பட்டனர். சம்சோனொவ் காட்டுக்குள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். 1410இல் இப்பகுதியில் தியூத்தோனிய வீரர்கள் போலந்து-லித்துவேனியப் படைகளிடம் தோற்றதற்குப் பழிதீர்க்கும் வகையிலேயே இப்பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. டன்னன்பேர்க் ஊர் சண்டை நடந்த இடங்களிலிருந்து சற்றுத் தொலைவிலேயே உள்ளது.

தெற்கே கலீசியாவில் நிலைமை மாறாக இருந்தது. ரஷ்யர்கள் செப்டம்பர் 3 அன்று லெம்பேர்க் நகரைக் (தற்போதைய உக்ரைனின் லிவிவ்) கைப்பற்றினர். பிரெமிசில் கோட்டையில் முற்றுகையிடப்பட்ட ஆஸ்திரியா-ஹங்கேரிப் படையை மீட்பதற்காகக் கொன்ராட் ஃபொன் ஹொட்சென்டோர்ஃப் 1915 சனவரியில் கார்ப்பாத்திய மலைகளில் கடும்பனியில் தாக்குதல்களைத் தொடங்கினார். கோட்டைக்குள் இருந்தோரைவிடப் பன்மடங்கு வீரர்களை இதில் அவர் இழந்தார். எனினும் மார்ச் 22, 1915 அன்று கோட்டை வீழ்ந்து, ஏறத்தாழ 1,20,000 பேர் சரணடைந்தனர். அதன் பின் ஆஸ்திரியா-ஹங்கேரி ஜெர்மனியின் உதவியின்றிப் பெருந்தாக்குதல் எதனையும் வெற்றிகரமாக நடத்த இயலாத நிலையை அடைந்தது.

எந்த நாட்டைத் தண்டிக்கப் போர் தொடங்கப்பட்டதோ அந்தச் செர்பியாவே 1914இல் ஆஸ்திரியா-ஹங்கேரியை மும்முறை விரட்டியது. ஆகஸ்டில் செர் மலைச் சண்டையில் கிடைத்த வெற்றி, போரில் நேச நாடுகளின் முதல் வெற்றியாகும். டிசம்பர் 2 அன்று வீழ்ந்த பெல்கிரேடு நகரை ரடோமிர் புத்னிக்கின் படைகள் டிசம்பர் 15 அன்று மீட்டன. ஆனால் இவ்வெற்றிகளைத் தொடர்ந்து பரவிய சன்னிக் காய்ச்சல் 1,50,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

கடற்போரும் எம்டனும்

பிரித்தானியக் கடற்படை தொலைவிலிருந்தே ஜெர்மனியின் கடல்வழிகளை அடைத்தது. இம்முற்றுகையால் ஜெர்மனிக்குச் சிலியிலிருந்து வந்த வெடியுப்பு நின்றுபோனது. வெடிமருந்துக்கும் உரத்துக்கும் இன்றியமையாத அப்பொருள் இல்லாமல் ஜெர்மனி நீண்டநாள் போரிட்டிருக்க இயலாது. காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியா தயாரிக்கும் ஏபர்-போஷ் முறை 1913இலேயே ஒப்பாவு தொழிற்சாலையில் செயற்படத் தொடங்கியிருந்தது. 1915இல் அங்கு வெடிமருந்துக்கான நைத்திரிக் அமிலத்தின் மூலப்பொருள் பெருமளவில் தயாரிக்கப்பட்டது. உரத்துக்காகக் கண்டறியப்பட்ட ஒரு முறை போரை நீட்டிக்க உதவியது.

செப்டம்பர் 22, 1914 அன்று காலையில் வடகடலில் யூ-9 என்ற ஒரே நீர்மூழ்கிக் கப்பல், இரண்டு மணிநேரத்துக்குள் மூன்று பிரித்தானியப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. 1,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நாள் இரவு, பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், கார்ல் ஃபொன் முல்லர் தலைமையிலான எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகியது. இரவு 9.30 மணியளவில் அது சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைத் தீப்பற்றச் செய்தது. உயிரிழப்பு குறைவாகவே இருந்தது. ஆயினும் அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். கடல்களை ஆள்வதாகக் கூறிய பேரரசால் தனது துறைமுகமொன்றைக் காக்க முடியவில்லை என்பதே மக்கள் மனத்தில் பதிந்தது. குண்டு விழுந்த இடமொன்றில், சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில், நினைவுக் கல் பதிக்கப்பட்டுள்ளது.

எம்டன் அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்தில் ரஷ்யக் கப்பலொன்றை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் அழிக்கப்பட்டது. "எம்டன்" என்ற சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் தந்திரமும் துணிவும் மிக்கவரைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இக்கப்பலில் இருந்தார் என்ற செய்தி பரவலாகக் கூறப்படுகின்றது. அதற்குச் சான்று இல்லை. அவர் அக்காலத்தில் ஐரோப்பாவில் இருந்தார்.

டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகளருகே ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பல் அணி அழிக்கப்பட்ட பின், தொலைகடல்களில் ஜெர்மன் மேற்பரப்புக் கப்பல்களின் அச்சுறுத்தல் பெரும்பாலும் நீங்கியது. 1915 பெப்ரவரியில் ஜெர்மனி பிரித்தானியாவைச் சூழ்ந்த கடலைப் போர்ப்பகுதியாக அறிவித்து, வணிகக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளால் தாக்கத் தொடங்கியது. மே 7 அன்று லூசித்தானியா பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். இறந்தவர்களுள் 128 அமெரிக்கர்கள் இருந்ததால் எழுந்த எதிர்ப்பின் விளைவாக, அவ்வாண்டு செப்டம்பரில் ஜெர்மனி இத்தாக்குதல்களைக் கட்டுப்படுத்தியது.

ஒட்டோமான் பேரரசும் குடியேற்ற நாடுகளும்

ஆகஸ்ட் 2, 1914 அன்று ஜெர்மனியுடன் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்ட ஒட்டோமான் பேரரசு, அக்டோபர் 29 அன்று கருங்கடலின் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கிப் போரில் நுழைந்தது. இதனால் கருங்கடல் வழியாக ரஷ்யாவுக்கு இருந்த வணிகப் பாதை அடைபட்டது. போர்த் தளவாடங்களை இறக்குமதி செய்ய வேண்டியிருந்த ரஷ்யாவுக்கு இது பெரும் அடியாகும். போர் அமைச்சர் என்வர் பாஷா டிசம்பரில் கவ்காசிய மலைகளில் சரிகமிஷ் என்ற இடத்தில் நடத்திய தாக்குதலில், அவருடைய படையின் பெரும்பகுதி உறைபனியிலும் நோயிலும் அழிந்தது. இத்தோல்விக்குப் பின், 1915 ஏப்ரல் முதல், ஒட்டோமான் அரசு ஆர்மீனிய மக்களை நாடுகடத்தியும் கொன்றும் அழித்தது. ஆர்மீனிய இனப்படுகொலை எனப்படும் இதில் இறந்தோர் தொகை ஏறத்தாழ பத்து இலட்சம் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது.

இந்தியப் படைகள் இப்போரின் தொடக்கத்திலிருந்தே பல முனைகளில் பயன்படுத்தப்பட்டன. லாகூர், மீரட் படைப்பிரிவுகள் 1914 செப்டம்பர் இறுதி முதல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, ஈப்ர் சண்டையில் பிரித்தானிய அணிகளில் ஏற்பட்ட இடைவெளிகளை நிரப்பின. மற்றொரு படை நவம்பரில் ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவின் தங்கா துறைமுகத்தில் இறங்கியது. சுமார் 8,000 பேரைக் கொண்ட இப்படையில் 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் இருந்தது. போதிய பயிற்சியும் வேவுத்தகவலும் இன்றி, நீண்ட கடற்பயணத்தின் களைப்போடு இறக்கப்பட்ட இவர்கள், லெட்டோ-ஃபோர்பெக்கின் சிறிய படையிடம் தோற்றுக் கப்பலேறினர். மூன்றாவது படை நவம்பரில் பஸ்ரா நகரைக் கைப்பற்றியது. பாரசீக எண்ணெய்க் குழாய்களைக் காப்பது அதன் தொடக்க நோக்கமாகும்.

ஜெர்மனியின் ஏனைய குடியேற்றங்களில் தோகோலாந்து 1914 ஆகஸ்டிலும், சீனாவிலிருந்த சிங்தாவு நவம்பரிலும், தென்மேற்கு ஆப்பிரிக்கா 1915 ஜூலையிலும் வீழ்ந்தன.

மேற்குப் போர்முனை, 1915

பிரான்சின் வடகிழக்குத் தொழிற்பகுதிகள் ஜெர்மானியரின் கையில் இருந்தன. ஆகவே நேச நாடுகளே தாக்கவேண்டிய நிலையில் இருந்தன. மார்ச் 10 அன்று நவ் ஷப்பெல் ஊரில் பிரித்தானியர் நடத்திய தாக்குதலில் பாதியளவினர் இந்தியர். குறுகிய, செறிவான பீரங்கித் தாக்குதலுக்குப் பின் ஊர் சில மணிநேரத்தில் கைப்பற்றப்பட்டது. ஆனால் தொலைபேசிக் கம்பிகள் அறுந்ததால் பின்னாலிருந்த தளபதிகளுக்கு நிலைமை தெரியவில்லை. அடுத்த ஆணை வருவதற்குள் ஜெர்மானியர் புதிய தடுப்பரணை அமைத்துவிட்டனர். 4,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தனர் அல்லது காயமுற்றனர். முன்வரிசையை உடைக்க முடிந்தும் உடைப்பைப் பெருக்க முடியாத இச்சிக்கல் 1918 வரை தொடர்ந்தது.

ஏப்ரல் 22 அன்று ஈப்ர் நகருக்கு வடக்கே ஜெர்மானியர் 5,700க்கும் மேற்பட்ட உருளைகளிலிருந்து குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். அம்மோனியா முறையைக் கண்டறிந்த ஃபிரிட்ஸ் ஏபரே இத்திட்டத்துக்கும் பொறுப்பாக இருந்தார். அங்கிருந்த அல்ஜீரிய, பிரெஞ்சு வீரர்கள் மூச்சுத்திணறி இறந்தனர் அல்லது ஓடினர். பல கிலோமீட்டர் அகலத்துக்குப் போர்முனை வெறுமையாயிற்று. ஆனால் புதிய ஆயுதத்தை ஒரு சோதனையாகவே கருதிய ஜெர்மன் தலைமை அதனைப் பயன்படுத்தி முன்னேறப் போதிய படைகளை வைத்திருக்கவில்லை. செப்டம்பர் 25 அன்று லூஸ் சண்டையில் பிரித்தானியரும் நச்சுவாயுவைப் பயன்படுத்தினர். சில இடங்களில் காற்று திரும்பி அது அவர்கள் மீதே வீசியது.

இவ்வாண்டில் எல்லா நாடுகளிலும் பீரங்கிக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. பிரித்தானியாவில் மே மாதத்தில் இது அரசியல் நெருக்கடியாக மாறி, கூட்டணி அரசு அமையவும், டேவிட் லாயிட் ஜார்ஜின் தலைமையில் தளவாட அமைச்சு தோன்றவும் வழிவகுத்தது. டிசம்பரில் தளபதி ஜான் ஃபிரெஞ்சுக்குப் பதிலாக டக்ளஸ் ஹெய்க் அமர்த்தப்பட்டார். இந்தியக் காலாட்படைகள் ஆண்டின் இறுதியில் பிரான்சிலிருந்து மெசொப்பொத்தேமியாவுக்கு மாற்றப்பட்டன.

கலிப்பொலியும் இத்தாலியும்

தார்தனல்ஸ் நீரிணையைத் திறந்து ரஷ்யாவுக்கு வழியேற்படுத்த, கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சிலின் முனைப்பில் மார்ச் 18, 1915 அன்று பிரித்தானிய, பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நீரிணையைத் தாக்கின. கண்ணிவெடிகளால் மூன்று பெரிய கப்பல்கள் மூழ்கியதால் தாக்குதல் கைவிடப்பட்டது. தரைப்படைகள் கலிப்பொலித் தீவக்குறையில் இறங்கியது ஏப்ரல் 25 அன்றே. இடைப்பட்ட ஐந்து வாரங்களை ஜெர்மன் தளபதி லீமன் ஃபொன் சாண்டர்சின் கீழிருந்த ஒட்டோமான் படைகள் நன்கு பயன்படுத்திக்கொண்டன. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கிய கடற்கரைக்கு மேலுள்ள குன்றுகளை முதல் நாளிலேயே காத்து நின்ற முஸ்தபா கெமால், பின்னாளில் துருக்கிக் குடியரசின் முதல் தலைவரானார். குறுகிய கடற்கரைகளில் நீரின்றி, வயிற்றுப்போக்கு நோயுடன் எட்டு மாதங்கள் கழிந்தன. 1915 டிசம்பர், 1916 சனவரி மாதங்களில் படைகள் விலக்கப்பட்டன. இரவில் இரகசியமாக நடந்த இவ்வெளியேற்றம் மட்டுமே இப்படையெடுப்பில் திட்டமிட்டபடி நடந்தது என்பர்.

இத்தாலி, ஏப்ரல் 26 அன்று லண்டனில் கையொப்பமான இரகசிய உடன்படிக்கையின்படி ஆஸ்திரியாவின் நிலப்பகுதிகள் தரப்படும் என்ற உறுதியைப் பெற்று, மே 23 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியின் மீது போர் அறிவித்தது. அவ்வாண்டில் இசோன்சோ ஆற்றங்கரையில் நான்கு முறை தாக்கியும் குறிப்பிடத்தக்க நிலம் எதனையும் அது பெறவில்லை.

ரஷ்யாவின் பின்வாங்கலும் செர்பியாவின் வீழ்ச்சியும்

1915இல் பெரிய நிலப்பரப்பு கைமாறியது கிழக்கில் மட்டுமே. ஆஸ்திரியா-ஹங்கேரி குலைந்துவிடக்கூடும் என அஞ்சிய ஃபால்கன்ஹைன், மேற்கிலிருந்து படைகளைக் கொணர்ந்து ஆகஸ்ட் ஃபொன் மக்கென்சென் தலைமையில் 11ஆம் படையை அமைத்தார். மே 2 அன்று கோர்லிசே, தர்னோவ் நகரங்களுக்கிடையே தொடங்கிய தாக்குதலில் ரஷ்ய முன்வரிசை சிதறியது. ரஷ்யர்களிடம் பீரங்கிக் குண்டுகள் இல்லை. சில படையணிகளில் துப்பாக்கியும் இன்றி, வீழ்ந்தவரின் துப்பாக்கிக்காகப் பின்னால் நிற்கவேண்டியிருந்தது. ஜூனில் பிரெமிசிலும் லெம்பேர்க்கும், ஆகஸ்டில் வார்சாவும் பிரெஸ்ட்-லித்தோவ்ஸ்க்கும், செப்டம்பரில் வில்னியுசும் வீழ்ந்தன. பின்வாங்கிய ரஷ்யப் படைகள் ஊர்களையும் பயிர்களையும் எரித்துச் சென்றன. யூதர், போலந்தியர், லித்துவேனியர் எனப் பல இலட்சம் மக்கள் உள்நாட்டுக்குத் துரத்தப்பட்டனர். செப்டம்பரில் சார் மன்னர் இரண்டாம் நிக்கலாஸ் தலைமைத் தளபதி பொறுப்பைத் தாமே ஏற்றார். அதன் பின் ஒவ்வொரு தோல்விக்கும் மன்னரே நேரடியாகப் பொறுப்பாளியானார். ஆயினும் ரஷ்யா சமாதானம் கோரவில்லை. அதனைப் போரிலிருந்து வெளியேற்றும் எண்ணம் நிறைவேறவில்லை.

அக்டோபரில் மக்கென்சென் செர்பியாவின் பக்கம் திரும்பினார். பெல்கிரேடு அக்டோபர் 9 அன்று வீழ்ந்தது. அக்டோபர் 14 அன்று பல்கேரியா போரில் இறங்கி, கிழக்கிலிருந்து தாக்கியது. கிரேக்கத்தின் சலோனிக்காவில் இறங்கிய பிரெஞ்சு, பிரித்தானியப் படைகளால் உதவிக்கு வந்து சேர இயலவில்லை. செர்பியப் படையும் அதனுடன் பெருந்தொகையான பொதுமக்களும் முதிய மன்னர் பேதுருவும் குளிர்காலத்தில் அல்பேனிய மலைகளைக் கடந்து அட்ரியாட்டிக் கரையை அடைந்தனர். வழியில் பல்லாயிரவர் பசியாலும் குளிராலும் இறந்தனர். எஞ்சியோர் கப்பல்களில் கோர்ஃபூ தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இதன் விளைவாகப் பெர்லினுக்கும் இசுதான்புல்லுக்கும் இடையே நேரடித் தொடருந்துப் பாதை திறந்தது.

மெசொப்பொத்தேமியாவில் டைகிரிஸ் ஆற்றின் வழியே பக்தாதை நோக்கி முன்னேறிய சார்லஸ் டவுன்ஷெண்டின் ஆறாவது இந்தியப் படைப்பிரிவு, நவம்பர் இறுதியில் தெசிபோன் என்ற இடத்தில் தடுக்கப்பட்டது. அது குட் நகருக்குப் பின்வாங்கி, டிசம்பர் 7 அன்று முற்றுகைக்குள்ளாகி, ஏப்ரல் 29, 1916 அன்று சரணடைந்தது.

1916க்கான திட்டங்கள்

டிசம்பர் 6 முதல் 8 வரை, பிரான்சின் ஷான்டியி நகரிலிருந்த ஜோஃப்ரின் தலைமையகத்தில் நேச நாடுகளின் படைத்துறைப் பேராளர்கள் கூடினர். முனைக்கு முனை தனித்தனியாகத் தாக்கியதால், ஜெர்மனி தனது படைகளைத் தொடருந்து வழியே தேவைப்பட்ட முனைக்கு மாற்றிக்கொண்டே இருந்தது என அவர்கள் கண்டனர். எனவே 1916இல் பிரான்ஸ், பிரித்தானியா, ரஷ்யா, இத்தாலி ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே வேளையில் தாக்குவதென முடிவு செய்யப்பட்டது. இதற்குத் தேவையான வீரர்களைத் திரட்ட, அதுவரை தன்விருப்பப் படைகளையே நம்பியிருந்த பிரித்தானியா 1916 சனவரியில் கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் நேச நாடுகள் ஆயத்தமாகும் முன்னரே, பெப்ரவரி 21, 1916 அன்று, ஃபால்கன்ஹைன் வெர்தன் நகரைத் தாக்கினார்.